மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி...

"பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி" என்று ஒரு சொலவடை உண்டு. கேலிக்காகச் சொல்வதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால், மிட்டாய்க் கடையை வேறு எப்படித்தான் பார்ப்பது? வாயைப் பிளந்துகொண்டு, நின்று, நிதானமாகப் பார்ப்பதுதானே சரி? கடையை ஓடிக்கொண்டே பார்ப்பவனைத்தான் கேலி செய்ய வேண்டும்.

கோடை விடுமுறையில் சென்னைக்கு வரும் குடும்பங்களைப் பார்த்தால் இந்தச் சொலவடைதான் நினைவுக்கு வரும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தென்காசி, தேனி, சிவகங்கை, பெரம்பலூர் என்று பல ஊர்களிலிருந்தும் ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்குகிறார்கள். அப்பாவுக்கு மூன்று நாள் விடுப்பு. அம்மாவின் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. ஒன்பது வயதில் ஒரு பையன், ஐந்து வயதில் ஒரு பெண். சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஜாகை. அப்பாவின் சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு பட்டியல். மெரினா, வண்டலூர், கிண்டி, மியூசியம், மகாபலிபுரம், கபாலி கோயில், தி.நகர், ஒரு பெரிய மால், ஒரு தீம் பார்க்... மூன்று நாளில் எல்லாம் முடிக்க வேண்டும்!

"முடிப்பது" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பாடத்திட்டத்தை முடிப்பது மாதிரி ஊரையும் முடிக்கப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஜனவரிக்குள் போர்ஷன் முடித்துவிட்டதாகச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்திருக்குமோ, அவ்வளவுதான் இதிலும் மிஞ்சும்.

பட்டியல் யாருடையது?

அந்தப் பட்டியல் பெரும்பாலும் பிள்ளைகளுக்காக எழுதியதில்லை. ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டில் "அங்கே போனீங்களா? இங்கே போகலையா?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்காக எழுதியது. அப்பா சின்ன வயதில் பார்க்க ஆசைப்பட்டு முடியாமல் போன இடங்களும் அதில் இருக்கும். அதில் தப்பே இல்லை. ஆனால் அதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, "உங்களுக்காகத்தானே இவ்வளவு செலவு பண்ணி வந்தோம், ஏன் சிணுங்குறீங்க?" என்று கேட்பதில்தான் நியாயம் இல்லை.

ஐந்து வயதுக் குழந்தையின் கால் எவ்வளவு தூரம் நடக்கும்? மே மாதத்துச் சென்னை வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? வண்டலூர் பூங்காவின் பரப்பு மட்டும் 602 ஹெக்டேர். ஏறக்குறைய 1,500 ஏக்கர்! அதைக் காலையில் சுற்றிவிட்டு மதியம் கிண்டி, மாலை மெரினா என்று போட்டால் அன்றைக்கு அந்தக் குழந்தை பார்க்கப்போவது அப்பாவின் தோளைத்தான். அதுவும் தூக்கத்தில்.

"திரும்ப எப்போ வரப்போறோம்? வந்ததோட எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்பது அப்பாக்களின் வாதம். காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிற குடும்பத்துக்கு இது சாதாரண வாதம் இல்லை. ரயிலில் 5 முதல் 11 வயது வரை உள்ள குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால், 2016லிருந்து முழுக் கட்டணம். போக வர டிக்கெட்டுக்கே ஒரு தொகை போய்விடும். அந்தக் காசு வீணாகக் கூடாது என்ற பயம் நியாயமானது. ஆனால் காசு எங்கே வீணாகிறது என்பதுதான் கேள்வி. ஓர் இடத்தை விட்டுவிட்டால் வீணா? இல்லை, ஒன்பது இடத்துக்குப் போயும் ஒன்றையும் பார்க்காமல் திரும்பினால் வீணா?

ஒரு நாளைக்கு ஒன்று போதும்

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். அதோடு மாலையில் ஒரு திறந்தவெளி. மதியம் ஓய்வு. மூன்று நாளுக்கு மூன்று இடம்தான் வரும். அது போதும்.

எடுத்துக்காட்டுக்கு எழும்பூர் அருங்காட்சியகம். தென்மாவட்ட ரயில்கள் பலவும் வந்து நிற்கும் எழும்பூர் நிலையத்திலிருந்து பக்கம்தான். 1851ல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. கட்டணமும் ஒரு குடும்பம் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் இதை அரை மணி நேரத்தில் "முடிக்கும்" குடும்பங்கள்தான் அதிகம். வாசலில் உள்ள பீரங்கியின் மேல் கை வைத்து ஒரு போட்டோ, உள்ளே போய் ஒரு சுற்று, வெளியே வந்து ஐஸ்கிரீம்.

அங்கே திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. ஒரு குழந்தை அதன் ஒரு முனையில் நின்று மறு முனை வரை அடி எண்ணி நடந்து பார்த்தால் போதும், திமிங்கலம் எவ்வளவு பெரியது என்பதை வாழ்நாளில் மறக்காது. வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். "ஒத்தைக் காலில் இப்படி நிக்க முடியுதா, நின்னு காட்டு பார்க்கலாம்" என்று பையனிடம் சொன்னால் போதும், சிற்பியின் திறமையை அவன் உடம்பே புரிந்துகொள்ளும். மூவாயிரம் பொருள்களின் பெயர்ப் பலகையைப் படிப்பதைவிட மூன்று பொருள்களின் முன் பத்துப் பத்து நிமிடம் நிற்பது மேல்.

இதே வளாகத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855ல் இங்கேதான் உயிருள்ள விலங்குகளை வைத்து ஒரு காட்சிசாலையைத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. இடம் போதாமல் 1985ல் வண்டலூரில் புதிதாகத் திறந்தார்கள். முதல் நாள் எழும்பூரில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மறுநாள் வண்டலூருக்குக் கூட்டிப் போனால் இரண்டு இடமும் ஒரே கதையாகிவிடும். குழந்தைகளுக்கு வேண்டியது கதைதான்.

தெற்கிலிருந்து அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அவர்களுடைய பேருந்துகள் அங்கேதான் நிற்கின்றன. "ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுட்டாங்களே" என்று எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் வண்டலூர் பூங்கா அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊருக்குள் போய்விட்டு ஒரு நாள் முழுக்கச் செலவழித்துத் திரும்பவும் வண்டலூர் வருவதைவிட, திரும்பிப் போகிற நாளில் பூங்காவை வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, விடுமுறை நாள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை. பூட்டிய கேட்டின் முன் நின்று அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த எந்த ஐஸ்கிரீமாலும் முடியாது!

போகும் வழியும் ஊர்தான்

பெரியவர்களுக்குப் பயணம் என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. குழந்தைகளுக்கு அப்படி இல்லை. சின்ன ஊரிலிருந்து வரும் குழந்தைக்கு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டே ஒரு தீம் பார்க். முதல் முறை காலை வைக்கப் பயந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு மேலே போய்ச் சேர்ந்ததும் "இன்னொரு தடவை போகலாம்ப்பா" என்று கெஞ்சும். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்து இன்னொரு தடவை போனால் என்ன குறைந்துவிடும்? சேலையின் முனையும் செருப்பும் சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சென்னையில் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2015 ஜூனில். அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே, 1995ல், பறக்கும் ரயில் வந்துவிட்டது. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிப் பக்கம் போகும் இந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் எல்லாம் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தெரியும். காய்கிற துணி, காயப்போட்ட வடாம், ஓரிடத்தில் கிரிக்கெட் மைதானம், ஓரிடத்தில் கோயில் கோபுரம். இவ்வளவும் ஒரு டீ விலைக்கு.

பேருந்தும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அடுத்த ஆண்டு 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்று ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு பேர் கொண்ட அந்தக் குடும்பத்தில் டிக்கெட் வாங்க வேண்டியது அப்பாவும் பையனும்தான். கூட்ட நேரத்தைத் தவிர்த்துப் பத்தரை மணிக்கு மேல் ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும். கார் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியில் உட்கார்ந்து போனால் ஊர் டிவியில் ஓடுவது மாதிரிதான் ஓடும்.

வெயிலும் கடற்காற்றும்

கோடையில் சென்னையைப் பார்க்கும் குடும்பம் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். பகலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. தரை மேல் உள்ள காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இதுதான் கடற்காற்று. பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு வரும். அது சீக்கிரம் வந்தால் ஊர் தப்பித்தது. மேற்குக் காற்று பலமாக அடித்துக் கடற்காற்று தாமதமானால் அன்றைக்கு 40 டிகிரியைத் தாண்டும்.

ஆகவே காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை ஒன்று, மாலை நாலரைக்கு மேல் ஒன்று. நடுவில் கூரைக்கு அடியில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த நேரத்துக்கு மால்தான் போக வேண்டும் என்றில்லை. கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குளிர்சாதன வசதி உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம். அதன் அடியில் உட்கார்ந்து படக்கதை படிக்கலாம். அருகிலேயே 1988லிருந்து இயங்கிவரும் பிர்லா கோளரங்கம். வெயில் கொளுத்தும் மதியத்தில் இருட்டு அரங்கில் சாய்ந்து உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பதைவிடப் பெரிய விடுமுறை என்ன வேண்டும்?

மெரினாவுக்கு மாலையில் எல்லாரும் போகிறார்கள். விடிகாலையில் போகும் குடும்பங்கள் குறைவு. கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலிலிருந்துதான் எழும். மணல் சுடாது. கூட்டம் இருக்காது. ஆனால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மெரினா குளிக்கிற கடற்கரை இல்லை. கரையை ஒட்டியே ஆழம், உள்ளிழுக்கும் நீரோட்டம். ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. கால் நனைப்பதோடு சரி, அதுவும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு.

கூட்டத்தில் குழந்தை தொலைவதும் கற்பனைப் பயம் இல்லை. காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸாரே குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். போலீஸார் செய்வதைப் பெற்றோர் மற்ற நாள்களிலும் செய்யலாமே? ஒரு பேனாவும் ஒரு துண்டு நாடாவும் போதும். பேசத் தெரிந்த குழந்தைக்கு நம்பரை மனப்பாடம் செய்ய வைக்கலாம். தொலைந்துபோனால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கும் விடுமுறை உண்டா?

இந்தப் பயணங்களில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அம்மா. விடிகாலை நாலரைக்கு எழுந்து, சித்தி வீட்டு அடுப்படியில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, மாற்றுத் துணி எடுத்து வைத்து, அங்கே போனதும் பைகளுக்குக் காவலாக மர நிழலில் உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் அவர்தான். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்." ஊருக்குத் திரும்பும்போது சென்னையின் எல்லா மரநிழல்களும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஊர் மட்டும் தெரியாது.

அந்த மறுப்புக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கும். கழிப்பறை. வெளியே கிடைக்குமா, கிடைத்தாலும் உள்ளே போகிற மாதிரி இருக்குமா என்று தெரியாததால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். நாற்பது டிகிரி வெயிலில்! இது அந்தக் குடும்பத்தின் தவறு இல்லை. சுத்தமான கழிப்பறை, குடிநீர், குழந்தையின் கையைப் பிடித்து நடக்கிற அளவுக்கு ஒரு நடைபாதை இவற்றைக் கொடுக்க வேண்டியது நகரத்தின் கடமை. வரிசையாக விளக்கு போட்டு, சுவரில் படம் வரைந்தால் மட்டும் ஊர் அழகாகிவிடாது. தண்ணீர் குடிக்கப் பயப்படாமல் ஒரு தாய் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்க முடிந்தால் அதுதான் அழகான ஊர்.

நகரம் அதைச் செய்யும் வரை குடும்பம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பைகளைக் குறைப்பது. ஒரு வேளையாவது ஓட்டலில் சாப்பிடுவது. அப்பா ஒரு மணி நேரம் பைகளோடு உட்கார்ந்துவிட்டு, அம்மாவைப் பிள்ளைகளோடு உள்ளே அனுப்புவது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பறக்கும் ரயில் ஜன்னலிலிருந்து கூவத்தைப் பார்க்கும் குழந்தை கேட்கும்: "இந்த ஆறு ஏன் கறுப்பா இருக்கு?" மூக்கைப் பொத்திக்கொண்டு "அங்கே பார்க்காதே" என்று சொல்வதுதான் வழக்கமான பதில். நடைபாதையில் படுத்திருப்பவர்களைக் காட்டி "இவங்க வீடு எங்கே?" என்று கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் பட்டியலில் இல்லாத இந்த இடங்கள்தான் நகரத்தின் மிக முக்கியமான இடங்கள். வீட்டுச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்துதான் ஓர் ஆறு இப்படி ஆனது என்று சொன்னால், அந்தக் குழந்தை தன் ஊர் வாய்க்காலை நினைத்துப் பார்க்கும். "நம்ம ஊர் ஆறும் இப்படி ஆயிடுமா?" என்று கேட்டாலும் கேட்கும். ஒரு சுற்றுலா இதைவிட வேறு என்ன கொடுத்துவிட முடியும்?

தீம் பார்க்கோ மாலோ போகவே கூடாது என்று இல்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒரு நாள் போகட்டும். ஆனால் நான்கு பேருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, "கையில் காசில்லை" என்று மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போகும்போது, ஒரு பாடத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு போகிறார்கள். பட்டணம் என்பது காசு இருப்பவர்களுக்கு மட்டும் என்ற பாடம். அது பொய். மெரினாவின் மணலும் கன்னிமாரா நூலகத்தின் வாசலும் பறக்கும் ரயிலின் ஜன்னலோரமும் தென்காசிப் பையனுக்கும் அடையாறு பையனுக்கும் ஒன்றுதான். நாளைக்கு அதே பையன் படிப்புக்கோ வேலைக்கோ தனியாக இந்த ஊருக்கு வந்து இறங்குவான். அன்றைக்கு "இது எனக்கும் தெரிந்த ஊர்தான்" என்ற தைரியம் அவனுக்கு இருக்குமா, இல்லையா என்பதை இந்த மூன்று நாள்கள் ஓரளவு முடிவு செய்கின்றன.

அதனால் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம். பாதியாக மடித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு நாளும் ஓர் இடத்தைப் பெரியவர்கள் சொல்லட்டும், மாலையில் எங்கே போவது என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும். "இன்னொரு தடவை எஸ்கலேட்டர்ல போகலாம்" என்று சொன்னால் போகட்டும். ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், "மகாபலிபுரம் போகலையா?" என்று. "இல்லக்கா, அடுத்த தடவை" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அதற்குள் உள்ளேயிருந்து அந்த ஐந்து வயதுப் பெண் ஓடி வந்து, திமிங்கலம் எத்தனை அடி என்று நடந்து காட்டிக்கொண்டிருப்பாள்.

மிட்டாய்க் கடையை அப்படித்தான் பார்க்க வேண்டும்!